ஈசிசேர் செருமியது: உவமையா, உருவகமா, ஆகுபெயரா, ஒன்றுமே வேண்டாமா?

அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். கதை மட்டும் தமிழில்தான் எழுதுவாள். போன மாதம் வாட்ஸப்பில் ஒன்று அனுப்பியிருந்தாள். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பற்றி அவருடைய மகன் சொல்வதாக வரும் கதை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் இந்த வரி வந்தது:

“ரிட்டயர் ஆன மறுநாள் அப்பா சிறகொடிந்த பறவை போல வீட்டில் உட்கார்ந்திருந்தார்.”

அந்த வரியை மட்டும் காப்பி செய்து, ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“ஏன் சித்தி, உவமை பிடிக்கலையா? உருவகமா மாத்திடட்டுமா?”

“எப்படி மாத்துவே?”

“‘அப்பா ஒரு சிறகொடிந்த பறவை.’ போலவை எடுத்துட்டா மெட்டஃபர். அவ்வளவுதானே?”

அவ்வளவுதான் இல்லை. அந்த ஒரு வரிக்காக அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது தனிக்கதை. பேச்சில் வந்ததையும் பிறகு நான் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கேள்வி சின்னதுதான். ஒருவர் ஓய்வு பெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இதை எத்தனை விதமாகச் சொல்லலாம், ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன கைவிட்டுப் போகும்?

முதலில் அந்தப் பறவையைப் பார்த்துவிடலாம். தொல்காப்பியத்தில் உவமவியல் என்று ஓர் இயலே இருக்கிறது. அதன் முதல் சூத்திரம் உவமை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செய்கை ஒத்திருக்கலாம், அதனால் விளையும் பலன் ஒத்திருக்கலாம், வடிவம் ஒத்திருக்கலாம், நிறம் ஒத்திருக்கலாம். எழுதிய உவமை தேறுமா என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல சல்லடை கிடைத்ததில்லை. சிறகொடிந்த பறவையை அதில் போட்டுச் சலித்தால் என்ன தேறுகிறது? சிறகொடிந்த பறவை படபடக்கும், தத்தும், ஒதுங்கும். அப்பாவோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வினை ஒட்டவில்லை. வடிவம், நிறம் பற்றிப் பேச்சே இல்லை. பயன்? அவர் என்றைக்குப் பறந்தார்? முப்பத்து நான்கு வருஷம் ஒரே மேசையில் பட்டா மாறுதல் மனுக்களைப் பார்த்தவர். சல்லடையில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று, ‘ஐயோ பாவம்’ என்ற உணர்ச்சி. அதுவும் ஆயிரம் கைமாறி வந்தது. வாசகர் அந்த வரியைப் படிக்கும்போது பறவையும் தெரியாது, அப்பாவும் தெரிய மாட்டார்.

“சரி, நீங்க ஒண்ணு சொல்லுங்க” என்றாள்.

கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னேன்: “சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வைத்த புத்தகம் போல அப்பா உட்கார்ந்திருந்தார்.”

எனக்கே பெருமையாக இருந்தது. சந்தனப் பொட்டு வைத்து, பூப்போட்டு, மரியாதையாக வைத்திருப்பார்கள், ஆனால் அன்றைக்கு யாரும் தொட மாட்டார்கள். அசையாமல் இருப்பது ஒக்கிறது. பயன்பட வேண்டியது பயன்படாமல் இருப்பதும் ஒக்கிறது. முந்தின நாள் பிரிவுபசார விழாவில் அவருக்குச் சாத்திய சந்தன மாலையும் பொன்னாடையும் சொல்லாமலே நினைவுக்கு வந்துவிடும். ஒரு வித்தியாசமும் உண்டு. புத்தகத்தை மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துவிடுவார்கள், இவரை எடுக்க ஆளில்லை. ஒரு நல்ல உவமை இப்படி ஓரிடத்தில் ஒட்டாமல் நிற்கவும் வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த இடைவெளியில்தான் வாசகர் தானாக எதையோ கண்டுபிடிக்கிறார்.

உவமையின் பலம் என்ன என்று யாராவது கேட்டால் நான் சங்கப் புலவர்களின் பெயர்களைத்தான் காட்டுவேன். குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்தன என்ற ஓர் உவமை கிடைத்தது. அதனால் அவர் செம்புலப் பெயனீரார் ஆனார். இவர் ஒருவர் மட்டுமில்லை. ஆள் நடமாட்டம் போய் அணில் விளையாடும் முற்றம் போல என்று தனிமையைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். இரண்டு யானைகள் இரு பக்கமும் பிடித்திழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அறுந்துவிடுமோ என்றவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். குப்பைமேட்டுக் கோழிகளின் சண்டையை மூட்டிவிடவும் ஆளில்லை, விலக்கிவிடவும் ஆளில்லை, அது தானாக ஓய வேண்டியதுதான், என் காதல் நோயும் அப்படி என்றவர் குப்பைக் கோழியார். ஆள் போய்விட்டார், ஊர் போய்விட்டது, ஒரு ‘போல’ மட்டும் மிஞ்சி அவருக்கே பெயராகிவிட்டது.

இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஓரேருழவனார். குறுந்தொகை 131. வேலை முடிந்து ஊர் திரும்புகிறவன் சொல்கிறான்: அவள் இருக்கும் ஊர் வெகுதூரம், என் நெஞ்சோ ஈரம் பட்ட புனத்தில் ஒற்றை ஏர் வைத்திருக்கும் உழவன் போலப் பரபரக்கிறது. விவசாயம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாட்கள் கொஞ்சம். பத்து ஏர் உள்ளவன் ஆள்விட்டு உழுதுவிடுவான். ஒற்றை ஏர்க்காரன் பதம் காய்வதற்குள் முழுப் புனத்தையும் தானே முடித்தாக வேண்டும். அவசரம், இயலாமை, நம்பிக்கை மூன்றும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. இது வினை உவமை. ஒரு செய்கையோடு இன்னொரு செய்கையை ஒப்பிடுவது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இந்த வினை உவமைகளை உருவகமாக மாற்றிப் பாருங்கள். ‘என் நெஞ்சம் ஓர் ஓரேருழவன்.’ பரபரப்பு போய்விட்டது. ஒரு ஆள் மட்டும் நிற்கிறான். ‘நம் நெஞ்சங்கள் செம்புலப் பெயல்நீர்.’ கலத்தல் என்ற நிகழ்ச்சி போய், சேறு மட்டும் மிஞ்சுகிறது. என் அக்கா மகள் நினைத்தது போல ‘போல’வை உருவிவிட்டால் உவமை உருவகமாகிவிடாது. பல நேரம் அது செத்துப்போகும். ஒப்புமை செய்கையில் இருந்தால் உவமையாகவே விட்டுவிடுங்கள். பொருளிலோ வடிவிலோ இருந்தால் உருவகமாக்கிப் பார்க்கலாம்.

தவிர, தமிழில் ‘போல’ இல்லாமலே உவமை உண்டு. மதிமுகம், மலரடி, கயற்கண், பவளவாய் எல்லாம் உவமைத்தொகைதான். அவற்றையே முகமதி, அடிமலர், வாய்ப்பவளம் என்று புரட்டிப் போட்டால் உருவகம். ஆங்கில வகுப்பில் ‘லைக்’ இருந்தால் சிமிலி, இல்லாவிட்டால் மெட்டஃபர் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில் வழுக்கி விழுவார்கள். நமக்கு அடையாளம் ‘போல’ என்ற உருபு இல்லை, எது முன்னால் நிற்கிறது என்பதுதான். மதிமுகத்தில் முடிவாக நிற்பது முகம். நீங்கள் முகத்தைத்தான் பார்க்கிறீர்கள், நிலா பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது. முகமதியில் முகம் நிலாவுக்குள் போய்விட்டது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் உருவகத்துக்குச் சொல்லும் இலக்கணமும் அதுதான். உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து, இரண்டும் ஒன்றே என்று சொல்வது.

வேற்றுமையை ஒழிப்பது என்றால் சும்மா இல்லை. உவமை ஓரப்பார்வை மாதிரி. அப்படித் தோன்றியது, சொன்னேன், அடுத்த வரியில் மறந்துவிடலாம். உருவகம் தீர்ப்பு. ‘இவர் இதுதான்’ என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு வரும் வரிகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். வள்ளுவர் ‘பிறவிப் பெருங்கடல்’ என்று ஆரம்பித்ததும் அடுத்த சொல் ‘நீந்துவர்’ என்றுதான் வருகிறது. கடலுக்கு ஏற்ற வினை. கரை என்றோ தெப்பம் என்றோ சொல்லாமல் விட்டதை வாசகரே நிரப்பிக்கொள்கிறார். இதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். மேடையில் ஒருவர் ‘ஊழல் என்னும் புற்றுநோயை வேரோடு பிடுங்கி எறிவோம்’ என்று முழங்கும்போது கைதட்டல் விழுகிறது. ஆனால் புற்றுநோய் செடி ஆகி, செடியை யாரோ பிடுங்கி எங்கோ எறிகிறார்கள். மைக் சத்தத்தில் அது தப்பிக்கும். தாளில் தப்பிக்காது.

நம் அப்பாவுக்கு உருவகம் வேண்டுமென்றால் அவருடைய உலகத்திலிருந்தே எடுப்பது நல்லது. இப்படி ஒன்று எழுதிப் பார்த்தோம்: “அப்பா முடிக்கப்பட்ட கோப்பு. நாடா கட்டி, எண் போட்டு, அடுக்கில் வைத்தாயிற்று. அம்மா மட்டும் எப்போதாவது எடுத்துத் தூசி தட்டுவாள்.”

மோசமில்லை. மூன்று வரிக்கும் ஒரே படம், நடுவில் எதுவும் உளறவில்லை. ஆனால் எனக்கு ஒரு நெருடல். இதில் அப்பாவைவிட எழுதியவரின் சாமர்த்தியம் அதிகம் தெரிகிறது. அதோடு கதையின் கடைசியில் அவர் ஏதாவது புதிதாகச் செய்யப்போகிறார் என்றால், இப்போதே அவரை மூடிக் கட்டி வைத்துவிட்டோம். மூன்றாம் பக்கத்தில் அவர் மாடியில் கீரை விதைக்கிறார் என்று கதையில் இருக்கிறது. நாடா கட்டிய கோப்பு கீரை விதைக்குமா? ஒரு ஆளைப் பற்றிக் கடைசி வரை மாறாத கருத்து உங்களுக்கு இருந்தால் உருவகம் போடுங்கள். இன்னும் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் உவமை போதும்.

இது கதைக்கு. விளக்கக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே அழகு இரண்டாம்பட்சம், பயன் ஒத்திருக்க வேண்டும். போன் ஏன் மெதுவாகிறது என்று அம்மா கேட்டபோது, “ராம்ங்கிறது சமையல் மேடைம்மா. ஸ்டோரேஜ்ங்கிறது அலமாரி. அலமாரி எவ்வளவு பெரிசா இருந்தாலும் மேடையில நாலு பாத்திரந்தான் வைக்க முடியும்” என்றேன். புரிந்துகொண்டு, திறந்து கிடந்த செயலிகளை எல்லாம் மூடினார். இங்கே உருவகம்தான் சரியாக வந்தது. ஏனென்றால் ஒரே ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே பேச வேண்டியிருந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘போல’ போட்டால் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

போல என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. தொல்காப்பியம் உவம உருபுகள் என்று 36 சொற்களை அடுக்குகிறது. நன்னூலில் அது 12 ஆகிவிட்டது. இன்றைய உரைநடையில் பெரும்பாலும் ‘போல’ ஒன்றே எல்லா வேலையும் செய்கிறது, கூட ஒரு ‘மாதிரி’. கொங்குப் பக்கத்து ‘ஆட்டம்’, தெற்கத்தி ‘கணக்கா’ எல்லாம் பேச்சில் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. பாத்திரம் பேசும்போதாவது அவற்றை விடலாம். ஒரு பக்கத்தில் ஐந்து ‘போல’ வந்தால் ஐந்து உவமைகளுமே மங்கிவிடும். அதற்கு மாற்று உருபு தேடுவதைவிட நான்கை வெட்டுவது மேல்.

அடுத்தது ஆகுபெயர், ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது. இதைப் பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பகுதியில் படித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிட்டோம். அணி என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் நாள் முழுக்க நாம் பேசுவது இதுதான். டிசம்பர் சூடினாள், தலைக்கு நூறு ரூபாய், வீட்டுக்கு வெள்ளையடித்தான், ரெண்டு கிலோ கொடுங்க. செய்தித்தாளில் ‘கோட்டையில் ஆலோசனை’, ‘டெல்லி மறுப்பு’, ‘கொழும்பு விளக்கம்’. நன்னூல் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று தொடங்கி இதை வகைப்படுத்துகிறது.

உவமைக்கும் உருவகத்துக்கும் ஒப்புமை வேண்டும், எதுவோ எதையோ போல இருக்க வேண்டும். ஆகுபெயருக்கு அது வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும். ஈசிசேர் அப்பா மாதிரி இல்லை. அப்பா அதில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இப்படி எழுதலாம்:

“ஈசிசேர் செருமியது. அம்மா காபியோடு போனாள்.”

இலக்கணத்தில் இது இடவாகுபெயர், ‘ஊர் சிரித்தது’ வகை. ஆனால் பாருங்கள், ஆளே காணாமல் போய்விட்டார். நேற்று வரை ‘சார்’, இன்றைக்கு ஒரு மர நாற்காலியும் ஒரு சத்தமும். எங்கும் சோகம் என்ற சொல் இல்லை, பறவை இல்லை, ஒப்பிட எதுவுமே இல்லை. இரண்டே வரியில் அந்த வீட்டில் அவர் எந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்று தெரிகிறது. போனில் இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சித்தி, இது செமயா இருக்கு” என்றாள்.

ஆகுபெயரின் அபாயமும் இதே குணத்தில்தான் இருக்கிறது. அது ஆளை மறைக்கும். கதையில் மறைப்பது கலை. செய்தியில் மறைப்பது வசதி. ‘நிர்வாகம் வருந்துகிறது’ என்ற அறிவிப்புப் பலகையைப் படிக்கும்போதெல்லாம் அந்த வருந்துகிறவரை ஒருமுறை நேரில் பார்க்க மாட்டோமா என்று எனக்குத் தோன்றும். ‘ஊர் பேசும்’ என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். ஊரில் யார் என்று கேட்டால் பதில் வராது. கட்டுரை எழுதுகிறவர்கள் ஓர் ஆகுபெயரைப் போடும் முன் அதன் பின்னால் இருக்கும் ஆளைச் சொல்வது அவசியமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

உயர்வு நவிற்சியை, அதாவது மிகைப்படுத்திச் சொல்வதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். தண்டியலங்காரம் இதை அதிசயம் என்கிறது. ‘ஒரு நாளைக்கு நூறு தடவை தண்ணித்தொட்டியை எட்டிப் பார்த்தார்’ என்று அம்மா புலம்பலாம், அது இயல்பு. கதைசொல்லி தன் குரலில் அதைச் சொன்னால் நம்பிக்கை குறையும். நகைச்சுவைக்கும் சண்டைக்கும் காதல் கடிதத்துக்கும் இது சரி. மனு எழுதும்போது கிட்டேயே சேர்க்கக் கூடாது. எங்கள் தெருவில் மழைநீர் தேங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் ‘தெருவே கடலாகிவிட்டது’ என்று எழுதிப் போட்டார். யாரும் வரவில்லை. ‘மூன்று நாட்களாக முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகள் நிரம்பிவிட்டன’ என்று மாற்றி எழுதிய பிறகு மோட்டார் வந்தது. காரணம் மனுவா, இல்லை அதற்குள் மழை விட்டுவிட்டதா என்று அவரோடு இன்னும் விவாதம் ஓடுகிறது.

சிலேடை இந்த வரிக்கு வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். ஓய்வு பெற்ற மனிதரை வைத்துச் சொல் விளையாட்டு ஆடினால் அது அவரைக் கேலி செய்வதாகிவிடும். உள்ளுறையும் இங்கே பொருந்தாது. அது ஒரு வரிக்குப் போடும் பூ இல்லை, கதை முழுதும் பாவ வேண்டிய பாவு நூல். அந்த நிலத்தின் விலங்கும் பறவையும் பூவும் ஒரு பொருளைச் சொல்லிக்கொண்டே இருக்க, அதை வெளிப்படையாகச் சொல்லாமல் விடுவது. மாடியில் விதைத்த கீரை அந்த வேலையைச் செய்யலாம். ஆனால் அதை எழுதும்போது கீரையைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும், அப்பாவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

தற்குறிப்பேற்றத்தில் கொஞ்சம் நின்று போகலாம். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் எழுதுகிறவர் தன் குறிப்பை ஏற்றுவது. தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. மதுரைக் கோட்டையின் மேல் கொடி காற்றில் ஆடுகிறது, கோவலனையும் கண்ணகியையும் பார்த்து ‘வராதீர்கள்’ என்று மறித்துக் கைகாட்டுவது போல. அந்த வரியில் ‘போல்’ இருக்கிறது, ஆனாலும் இது உவமை இல்லை. கொடி எதை ஒத்திருக்கிறது என்பது இங்கே பேச்சே இல்லை. காற்றில் ஆடுவது கொடியின் இயல்பு, தடுப்பது இளங்கோவின் மனசு.

அந்த வரி ஏன் உலுக்குகிறது? கதையின் முடிவு நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த முன்னறிவு இல்லாவிட்டால் கொடி வெறும் கொடிதான். தற்குறிப்பேற்றத்துக்கு முன்கூட்டியே சேமித்து வைத்த பாரம் வேண்டும். அதனால்தான் கதையின் முதல் வரியில் ‘நிலா சோகமாகப் பார்த்தது’ என்று எழுதினால் எடுபடுவதில்லை. நிலாவுக்கு என்ன சோகம் என்று நமக்கு இன்னும் யாரும் சொல்லவில்லையே.

நம் கதையில் பாரம் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே அப்பா முப்பத்து நான்கு வருஷமும் ஏழே முக்கால் பஸ்ஸில் போனவர் என்று வந்துவிட்டது. ஆகவே: “ஏழே முக்கால் பஸ் தெருமுனையில் திரும்பும்போது ஹாரன் அடித்தது, ஏறாமல் நிற்கிற ஒருவரைக் கூப்பிடுவது போல.” வளைவில் ஹாரன் அடிப்பது டிரைவரின் வழக்கம். கூப்பிடுவதாகக் கேட்பது வீட்டில் இருப்பவர்களின் காது. இது வேலை செய்யும். ஒரே ஒரு எச்சரிக்கை, இது கண்ணைக் கசக்கவைக்கும் வகை. கதைக்கு ஒன்று போதும். இரண்டாவது போட்டால் வாசகர் நம் கையைக் கண்டுபிடித்துவிடுவார்.

அம்மாவுக்கு என்ன வரி கொடுப்பது என்று அவள் கேட்டபோதுதான் பிறிது மொழிதல் வந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லி நிறுத்திவிடுவது. மயிலிறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் முடித்துவிடுகிறார். யாரைச் சொன்னார் என்பது நம் பாடு. நம் ஊர்ப் பழமொழிகளில் பாதி இந்த வகைதான். எழுதுகிறவரின் குரலில் வந்தால் உபதேசம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தால் தமிழில் இதைப்போல இயல்பானது வேறில்லை. ஏனென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள், புருஷனைப் பற்றி என்றால் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்கள். பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அம்மா சொல்கிறாள்:

“நொகத்தடிய எறக்கியாச்சு. மாடு இன்னும் தலையக் குனிஞ்சுக்கிட்டே நிக்குது.”

இது என்னுடையது இல்லை, அவளே எழுதியது. அவளுக்கு மாடு பூட்டிய வண்டி பார்த்த அனுபவம் கிடையாது. எங்கள் அப்பாயி பேசியது காதில் தங்கியிருக்க வேண்டும். என் சரஸ்வதி பூஜையைவிட இது நல்ல வரி என்று எனக்குத் தெரிந்தது, அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு வழி. எதுவுமே போடாமல் எழுதுவது. “ஏழரைக்குக் குளித்தார். சலவைச் சட்டையை மாட்டினார். பேனாவைப் பையில் செருகினார். ஈசிசேரில் உட்கார்ந்தார்.”

இதை அணி இல்லாத எழுத்து என்று நினைத்தால் தவறு. தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பது உவமை இல்லை. தன்மை. இருப்பதை இருந்தபடி சொல்வது. உவமை இரண்டாவது, உருவகம் மூன்றாவது. நூலாசிரியர் என்ன நினைத்து அப்படி வைத்தாரோ, நான் அதை எழுதுகிறவர்களுக்கான வரிசையாகவே எடுத்துக்கொள்கிறேன். முதலில் தன்மையில் எழுதிப் பார். பேனாவைச் செருகியதே போதுமா? போதும் என்றால் விட்டுவிடு. போதவில்லை என்றால் மட்டும் அடுத்ததுக்குப் போ.

தன்மை நவிற்சி சுலபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வு முழுக்க உங்கள் தலையில் விழும். குளித்தார், சாப்பிட்டார், பேப்பர் படித்தார் என்று அடுக்கினால் அது டைரி. பேனாவைக் கண்டுபிடிக்க வேண்டும். வேலை இல்லாத நாளில் சட்டைப்பையில் பேனா எதற்கு என்று வாசகர் ஒரு கணம் தடுக்கி விழ வேண்டும். உவமைக்கு வெளியே போய்த் தேடுகிறோம், தன்மைக்கு அந்த அறைக்குள்ளேயே தேடுகிறோம். எனக்கு இரண்டாவதுதான் கஷ்டம்.

எல்லாம் பேசி முடித்த பிறகு, “அப்ப உன் வரிக்கு சரஸ்வதி பூஜைதானே?” என்று கேட்டேன். விட மனசில்லை.

“இல்ல சித்தி. அது நல்ல உவமைதான். ஆனா அது உங்க உவமை. கதைய யாரு சொல்றா? அவர் பையன். லாரி டிரைவர். அவனுக்கு அன்னிக்கு சரஸ்வதி பூஜையே கிடையாது, ஆயுத பூஜை. லாரிக்கு வாழைக்கன்னு கட்டிக்கிட்டு இருப்பான். அடுக்கி வச்ச புத்தகத்தை அவன் எங்க பார்த்தான்?”

ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தியவளுக்கு இது தோன்றவே இல்லை. உவமை எதை ஒத்திருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய கண் அதைப் பார்க்கிறது என்று பார்க்கவில்லை. அதே காரணத்தால் நாடா கட்டிய கோப்பும் போனது. ‘அப்பா நியூட்ரலில் நின்றார்’ என்று ஒன்றை அவள் எழுதிப் பார்த்தாளாம், எஞ்சின் ஓடுகிறது வண்டி நகரவில்லை என்ற அர்த்தத்தில். டிரைவருக்கு ஏற்ற உருவகம்தான், கச்சிதம்கூட. ஆனால் ஒரே பக்கத்தில் அம்மாவின் மாடும் மகனின் வண்டியும் முட்டிக்கொள்கின்றன என்று எடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து திருத்திய கதை வந்தது. அந்த இடம் இப்படி இருந்தது:

“ஏழரைக்குக் குளித்தார். சலவைச் சட்டையை மாட்டினார். பேனாவைப் பையில் செருகினார். ஈசிசேரில் உட்கார்ந்தார். ஏழே முக்கால் பஸ் போனது. ஈசிசேர் செருமியது. அம்மா காபியோடு போனாள்.”

பஸ்ஸின் மேல் ஏற்றிய குறிப்பையும் இறக்கிவிட்டிருந்தாள். ‘போனது’ மட்டும் போதும் என்று தோன்றியதாம். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த ஹாரன் இருந்திருக்கலாம்.

கதையின் தொடக்கத்தில் புதிதாக ஒரு காட்சி சேர்த்திருந்தாள், பிரிவுபசார விழா. மேலதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, கையில் எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்துப் படிக்கிறார்: “நமது அண்ணாச்சி இல்லாமல் இந்த அலுவலகம் இனி சிறகொடிந்த பறவை போல...” பின்வரிசையில் யாரோ மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்கிறது.